பித்தநீர் போய்த் திரும்பும் பாதை

உணவு ஆலோசனை அறைக்கு வருகிறவர்கள் தட்டில் விழுந்ததையெல்லாம் சொல்லிவிடுவார்கள். காலையில் ரொட்டி சானாய் இரண்டு, மத்தியானம் நாசி கண்டார், ராத்திரி மகன் வாங்கிவந்த மீ கோரேங், நடுவில் எத்தனை தே தாரிக் என்பது வரைக்கும் ஒளிக்காமல் சொல்வார்கள். வெளியே எப்படிப் போகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆண்கள் "அதெல்லாம் ஓகே மிஸி" என்று கதவைப் பார்ப்பார்கள். மலேசியாவின் செபராங் ஜெயா மருத்துவமனையில் உணவியல் அதிகாரியாக வேலை பார்த்த காலம் முழுக்க நான் விடாமல் கேட்ட கேள்வி அது. சக ஊழியர்கள் சிலர் அதைத் தாதியர் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. மலத்தின் கதையைக் கேட்காமல் ஒருவருக்கு உணவுத் திட்டம் எழுதுவது பாதிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சைத்தாள் திருத்துகிற வேலை.

அந்த மற்றப் பாதிப் பக்கத்தில் பித்தநீர் இருக்கிறது.

நம் கல்லீரல் கொலஸ்ட்ராலை மாற்றிப் பித்த அமிலங்களைச் செய்கிறது. மனிதக் கல்லீரல் முக்கியமாகச் செய்பவை இரண்டுதான்: கோலிக் அமிலம், கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம். அவற்றோடு கிளைசின் அல்லது டாரின் என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்துப் பித்தப்பையில் சேமித்து வைக்கிறது. எண்ணெயும் நெய்யும் உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கி அதைச் சிறுகுடலில் ஊற்றும். கொழுப்பு பொடிப்பொடியாகச் சிதறினால்தான் செரிமான நொதி அதைத் தொட முடியும். ஏ, டி, இ, கே வைட்டமின்களும் அதோடு உள்ளே ஏறும். வேலை முடிந்ததும் உடல் அதை வெளியே கொட்டிவிடுவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு திரும்ப உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கே வந்து சேர்கிறது. உடலில் எந்த நேரத்திலும் இருப்பில் உள்ள பித்த அமிலம் 2 முதல் 4 கிராம். அதே சரக்குத்தான் ஒரு நாளைக்கு நான்கு முதல் பன்னிரண்டு முறை சுற்றிவருகிறது. மலத்தோடு போவது நாளுக்கு அரை கிராம் அளவு. போன அளவுக்குக் கல்லீரல் புதிதாகச் செய்துகொள்ளும்.

கல்லூரியில் எங்களுக்கு இவ்வளவும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். வட்டமும் அம்புக்குறியும் போட்டுக் காட்டிய படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இலியத்தைத் தாண்டிப் பெருங்குடலுக்குள் நழுவுகிற அந்தக் கொஞ்சத்துக்கு என்ன ஆகிறது என்பதற்கு மட்டும் அந்தப் படத்தில் ஒரே ஒரு அம்பு கீழ்நோக்கி இருக்கும். வேலை பார்க்கப் பார்க்க எனக்கு முக்கியமாகிப்போனது அந்த ஒற்றை அம்புதான்.

அங்கே பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம், பாக்டீராய்டீஸ் போன்ற பல வகைகளிடம் ஒரு நொதி உண்டு. கல்லீரல் ஒட்டிவிட்ட கிளைசினையும் டாரினையும் அது வெட்டியெடுத்துவிடும். அது முதல் வேலை. இரண்டாம் வேலையைச் செய்யத் தெரிந்தவை மிகச் சில. க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்பது அவற்றில் பேர்பெற்றது. பித்த அமிலத்தின் உடம்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணையை அது பிடுங்கிவிடுகிறது. உடனே கோலிக் அமிலம் டிஆக்ஸிகோலிக் அமிலமாகவும், கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம் லித்தோகோலிக் அமிலமாகவும் மாறிவிடுகின்றன. கல்லீரலுக்குச் செய்யத் தெரியாத இந்தச் சரக்கில் ஒரு பகுதி மறுபடி ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்கே போகிறது. நம் பித்தப்பையில் தேங்கியிருக்கும் பித்த அமிலத்தில் ஐந்தில் ஒரு பங்குபோல டிஆக்ஸிகோலிக் அமிலம்தான். நம் உடம்பின் சாறு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் அவ்வளவு பங்கு பாக்டீரியாவின் கைவேலை.

அதுகூடப் பெரிதில்லை. 1999-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவை அறிவித்தன: எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி பித்த அமிலங்களைத் தொட்டு அறிகிறது. கல்லீரலிலும் குடலிலும் உட்கார்ந்திருக்கும் அந்த ஏற்பி, இருப்பில் உள்ள பித்த அமிலத்தைப் பார்த்து, இன்னும் செய்யலாமா நிறுத்தலாமா என்று கல்லீரலுக்குச் சொல்கிறது. சர்க்கரை, கொழுப்பு விவகாரங்களிலும் அதற்குக் கை உண்டு. சில ஆண்டுகள் கழித்து டிஜிஆர்5 என்ற இன்னொரு ஏற்பியும் தெரியவந்தது. லித்தோகோலிக், டிஆக்ஸிகோலிக் அமிலங்களுக்கு அது மற்றவற்றைவிட வேகமாக அசைகிறது. ஆக, கல்லீரலிலிருந்து புறப்படுவது செரிமானச் சாறு. குடலிலிருந்து திரும்பிவருவது தகவல். நடுவில் அந்தத் தகவலைத் திருத்தி எழுதுவது பாக்டீரியா. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, நோயாளிகளிடமும் சில நேரம் டாக்டர்களிடமும்.

பிறை தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். நாற்பது வயதை நெருங்கியவர். பித்தப்பையில் கல் என்று அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. வலி போனது. ஆனால் சாப்பிட்டு எழுந்தவுடன் வயிற்றால் போகத் தொடங்கியது, தண்ணீராக, மஞ்சளாக, ஆசனவாய் எரிய. ஷிஃப்டில் நின்று வேலை செய்கிறவர். கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அதனால் வேலைக்குப் போகும் நாளில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். "பசியில தல சுத்துது, ஆனா சாப்புட்டா மானம் போயிடும் மிஸி" என்றார். அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த பரிசோதனையில் இதை அவர் டாக்டரிடம் சொல்லவே இல்லை. காயம் ஆறிவிட்டதா என்று கேட்டார்கள், ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பித்தப்பை போனபின் பித்தநீரைத் தேக்கிவைக்க இடமில்லை. இரவும் பகலும் கசிந்துகொண்டே இருக்கும், சுற்று வேகமாகும். சிலருக்கு இலியம் பிடித்துக்கொள்ளும் அளவைத் தாண்டிப் பெருங்குடலில் வழிகிறது. அங்கே பாக்டீரியா அதை டிஆக்ஸிகோலிக் அமிலமாக்க, அது குடல் சுவரைத் தூண்டித் தண்ணீரைச் சுரக்கவைத்து, குடலின் ஓட்டத்தையும் விரைவாக்குகிறது. சுத்தமில்லாத சாப்பாடும் காரணமில்லை, அந்தப் பெண்ணின் பயமும் காரணமில்லை. டாக்டரிடம் நானே பேசினேன். அவர் கொலஸ்டிரமைன் எழுதிக்கொடுத்தார். அது ரத்தத்தில் ஏறாத ஒரு பிசின் தூள்; குடலுக்குள்ளேயே பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். தண்ணீரில் கலக்கினாலும் கரையாது, நாக்கில் நரநரவென்று இருக்கும். அதைக் குடிக்கவைப்பதுதான் என் வேலையாயிற்று. முதல் நாள் ராத்திரியே ஆரஞ்சுச் சாற்றில் கலந்து குளிர்பெட்டியில் வைத்துவிடச் சொன்னேன். வேறு மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், மற்ற மாத்திரைகளைத் தூள் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ, குடித்து நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும் என்று தாளில் கடிகாரம் வரைந்து கொடுத்தேன். கொழுப்பை ஒரே வேளையில் ஏற்றாமல் நாள் முழுக்கப் பங்கிட்டோம். சில நாளிலேயே தொழிற்சாலையில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.

இதே காரணத்தை இலியத்தின் பக்கத்திலிருந்து விளங்கவைத்தவர் ஆலன் ஹோஃப்மன் என்ற மருத்துவர். குரோன் நோய்க்காக இலியத்தை வெட்டி எடுத்தவர்களை 1970-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, வெட்டிய நீளம் 100 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் கொலஸ்டிரமைன் உதவும், அதற்கு மேலென்றால் பித்த அமிலமே பற்றாமல் போய்க் கொழுப்பு மலத்தோடு போகும், அப்போது உணவில் கொழுப்பைத்தான் குறைக்க வேண்டும் என்று காட்டினார். அறுவை அறிக்கையில் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. ஒரே வயிற்றுப்போக்கு, இரண்டு எதிரெதிர் உணவுத் திட்டம்.

கல் உள்ளவர்கள் அறுவைக்குப் பயந்து வேறு வழி தேடுவதும் உண்டு. புக்கிட் மெர்தாஜமிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஹார்லிக்ஸ் போத்தலில் பச்சை உருண்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வாட்ஸ்அப்பில் வந்த குறிப்புப்படி சில நாள் ஆப்பிள் சாறு மட்டும் குடித்து, ராத்திரியில் ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் விழுங்கியிருக்கிறார். மறுநாள் இவை வந்திருக்கின்றன. "கல்லு எல்லாம் வந்துருச்சு, ஆப்பரேஷன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று முகம் மலர்ந்து நின்றார். 2005-இல் லான்செட் இதழில் நியூசிலாந்து மருத்துவமனை ஒன்றிலிருந்து இப்படிப்பட்ட உருண்டைகளைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பித்த நிறமியான பிலிருபினும் இல்லை, கால்சியமும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். 40 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடத்தில் உருகிவிட்டன. குடித்த எண்ணெய் குடலில் சவர்க்காரமாக உறைந்து, பித்தநீரின் பச்சையை ஏற்றுக்கொண்டு வெளியே வந்த உருண்டைகள் அவை. பெரியவரிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு அவர் அறுவைக்கு ஒப்புக்கொண்டார், மகள் கூட இருந்து பார்த்துக்கொண்டார்.

கல் விஷயத்தில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. இந்திய ரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, 1968-இல் ரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். வட இந்திய ஊழியர்களிடம் பித்தப்பைக் கல் தென்னிந்தியர்களைவிட ஏழு மடங்கு அதிகம். தெற்கில் கிடைத்த கற்களிலும் கொலஸ்ட்ரால் கல்லைவிட நிறமிக் கல்லே மிகுதி என்று பின்னால் வந்த அறுவை மருத்துவர்கள் எழுதினார்கள். நிறமிக் கல்லிலும் பழுப்பு வகை உருவாகப் பாக்டீரியாவே காரணம்: பித்தக்குழாயில் ஏறிவிட்ட பாக்டீரியாவின் நொதி பிலிருபினைப் பிரித்துவிட, அது கால்சியத்தோடு படிகிறது என்று ஜப்பானில் மாக்கி 1966-இல் விளக்கினார்.

பத்து காவான், நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பாட்டிகளும் தாத்தாக்களும் எங்களிடம் வருவார்கள். அவர்களைப் பேசவிட்டால் பழைய சாப்பாட்டை அடுக்குவார்கள்: சோறு, பருப்பு, வேலியோரத்து முருங்கைக்கீரை, கருவாடு, மரவள்ளிக் கிழங்கு. கோழி என்பது தீபாவளிக்கு. அவர்களோடு துணைக்கு வரும் பேரப்பிள்ளை கையில் பொரித்த கோழிப் பொட்டலம் இருக்கும். வறுமையை நான் புகழ மாட்டேன். அந்தச் சாப்பாட்டில் புரதம் குறைவு, ரத்தசோகை நிறைய. ஆனால் குடலுக்குள் என்ன மாறியது என்பதற்கு 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்ணாடிபோல் விடை சொல்கிறது. ஓ'கீஃப் என்பவரின் குழு அமெரிக்காவில் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தில் 20 பேரையும் எடுத்து இரண்டு வாரத்துக்கு உணவை மாற்றிப்போட்டது. அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது, கொழுப்பு இறங்கியது. கிராமத்தாருக்கு அதற்கு நேர்மாறு. இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் மலத்தில் பாக்டீரியா செய்த பித்த அமிலங்கள் 70 விழுக்காடு குறைந்தன. கிராமத்தாருக்கு அவை பல மடங்கு உயர்ந்தன. டிஆக்ஸிகோலிக் அமிலம் மிகுந்தால் பெருங்குடல் சுவரின் உயிரணுக்கள் சேதப்படுகின்றன. பெருங்குடல் புற்றோடு அதைச் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் அது. மலேசியாவில் மார்புப் புற்றுக்கு அடுத்து அதிகம் காணப்படும் புற்று பெருங்குடலுடையது. இரண்டு வாரத்தில் கெடுவது இரண்டு வாரத்தில் திரும்பவும் செய்யும் என்பதுதான் நான் அந்த ஆய்வில் பிடித்துக்கொண்ட பகுதி. பேரப்பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்வேன்.

கொலஸ்ட்ரால் கதையும் இதே பாதையில்தான் ஓடுகிறது. 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். ஓட்ஸ், பார்லி, பருப்பு, வெண்டைக்காய், வெந்தயம் இவற்றின் வழவழப்பான நார் பித்த அமிலத்தைக் கட்டி வெளியே கொண்டுபோகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது. பாக்டீரியா கிளைசினை வெட்டிவிட்ட அமிலமும் எளிதில் உறிஞ்சப்படாமல் வெளியேறும் என்பதால், தயிரில் உள்ள லாக்டோபேசில்லஸ்களுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஆற்றல் உண்டா என்று உலகெங்கும் தேடினார்கள். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் லியோங் மின் ட்சே இதில் பல ஆண்டுகள் உழைத்தவர். அவரும் ஊய் லே கைக்கும் 2010-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையை நான் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். எல்லா வகைக் கிருமியும் எல்லா மனிதரிடமும் ஒரேபோல வேலை செய்வதில்லை என்பதை அது ஒளிக்காமல் சொன்னதால் எனக்குப் பிடித்தது. கடைகளில் விலையுயர்ந்த பொட்டலங்களை வாங்கிவந்து காட்டுகிறவர்களிடம் நான் சொல்வது: ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தாதீர்கள், வீட்டில் உறையூற்றிய தயிர் சாப்பிடுங்கள், அந்தக் காசுக்குப் பருப்பும் கீரையும் வாங்குங்கள். இட்லியும் தோசையும் புளித்த மாவு என்பதால் உயிருள்ள பாக்டீரியா கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆவியிலும் கல்லிலும் அவை செத்துப்போகின்றன. உளுந்தின் நாரும் ஆறிய மாவுச்சத்தும் நம் குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவுக்கு உணவாகும். இட்லி தரும் நன்மை அந்த வழியில்.

பாக்டீரியா இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை வார்டில் பார்த்தேன். காலில் ஆறாத புண்ணோடு சேர்ந்த இனிப்பு நீர் நோயாளி ஒருவர், எழுபதைத் தாண்டியவர். வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏறியது. புண் ஆறிக்கொண்டு வரும்போது வயிறு பிய்த்துக்கொண்டது. க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி. அதன் வித்துகள் குடலில் தூங்கிக்கிடக்கும். டாரின் சேர்ந்த கோலிக் அமிலம் அவற்றை எழுப்பிவிடும். டிஆக்ஸிகோலிக் அமிலம் எழுந்தவற்றை வளரவிடாமல் அடக்கும். சாதாரண நாளில் சிண்டென்ஸ் போன்ற பாக்டீரியா முதலாவதை இரண்டாவதாக மாற்றிக்கொண்டே இருப்பதால் நாம் பிழைத்திருக்கிறோம். நுண்ணுயிர்க்கொல்லி அந்த மாற்றுகிறவனையே கொன்றுவிட்டது. சிண்டென்ஸைத் திரும்பக் கொடுத்தால் எலிகளைக் காக்க முடிகிறது என்று 2015-இல் நேச்சர் இதழில் வந்தது. அவருக்கு வாய்வழி வான்கோமைசின் கொடுத்தார்கள். வித்துகள் ஆல்கஹால் திரவத்துக்குச் சாவதில்லை என்பதால், சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கைகழுவச் சொல்லிப் படுக்கையின் தலைமாட்டில் அறிவிப்பு தொங்கியது. நான் கஞ்சியிலிருந்து தொடங்கி, வாழைப்பழம், மசித்த பருப்பு என்று மெல்ல ஏற்றினேன்.

இதே நோய்க்கு மற்றொருவரின் மலத்தைக் குடலில் செலுத்தும் சிகிச்சை பிறந்தது 1958-இல், டென்வரில். பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர் சாகக்கிடந்த நால்வரைக் காப்பாற்றினார். நெதர்லாந்தில் 2013-இல் முறையாகச் சோதித்தபோது ஒரே தடவை செலுத்தியதில் 81 விழுக்காட்டினர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்தவர்களில் 31. 2022-இலும் 2023-இலும் அமெரிக்க மருந்துத் துறை இப்படிப்பட்ட தயாரிப்புகளுக்கு அனுமதி கொடுத்தது. வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளித்த முகம் விரிகிற வரைக்கும் நான் பித்த அமிலக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பேன்.

அவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பித்த அமிலங்களின் அமைப்பைக் கண்டதற்காக ஹைன்ரிஷ் வீலாண்டுக்கு 1927-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வரைந்த அமைப்பு 1932-இல் திருத்தப்பட்டது. திருத்தியவர்களில் அவரும் ஒருவர். கிளைசின், டாரின் இரண்டைத்தான் பித்த அமிலத்தோடு சேர்க்க முடியும், அதையும் கல்லீரல்தான் செய்யும் என்று நான் பரீட்சையில் எழுதித் தேர்ச்சி பெற்றேன். 2020-இல் குவின், டோரெஸ்டைன் குழுவினர் நேச்சரில் எழுதினார்கள்: ஃபீனைல்அலனின், டைரோசின், லியூசின் ஆகியவையும் சேர்கின்றன, சேர்ப்பவை பாக்டீரியா. வெட்டுகிறவை என்று நாங்கள் படித்தவை கட்டவும் செய்கின்றன. என் பழைய படத்தை அழித்து வரைந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

எங்கள் அறைக்கு அதிகம் வருகிறவர்கள் இனிப்பு நீர்க்காரர்கள். 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 31 விழுக்காட்டுக்கு மேல் அந்த நோய். ஏறக்குறைய எல்லோரும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரை இலியத்தில் பித்த அமிலம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. குடல் பாக்டீரியாவையும் மாற்றுகிறது. சர்க்கரை இறங்குவதற்கு அதுவும் ஒரு வழி, வயிற்றால் போவதற்கும் அதுவே ஒரு காரணம். பித்த அமிலத்தைப் பிடிக்கும் கொலெசெவலம் என்ற பிசினை 2008-இல் அமெரிக்காவில் இனிப்பு நீருக்கும் மருந்தாக அனுமதித்தார்கள். இரண்டும் ஒரே பாதையில் நடமாடுகின்றன.

கருமாரியம்மன் கோயில் பக்கத்திலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. வாயைக் கட்டவில்லை என்று வீட்டில் திட்டு, கிளினிக்கில் திட்டு. அவர் உணவுக் குறிப்பேடு சுத்தமாக இருந்தது. "அண்ணே, வெளிய எப்படிப் போகுது?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் லாரியை எங்கே நிறுத்துவது? ஓட்டும் நாளில் மாத்திரையைப் போடுவதில்லை. வாரத்தில் பெரும்பாலான நாள் ஓட்டும் நாள். டாக்டரிடம் அவர் முன்னாலேயே எடுத்துச் சொன்னேன். மெல்லக் கரையும் வகைக்கு மாற்றி, குறைந்த அளவில் தொடங்கி, ராத்திரிச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். அடுத்த முறை வந்தபோது மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை என்றார். அன்றைக்கு நாங்கள் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பருப்பும் கீரையும் எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தோம்.